குளவிப் பொறி: ஒரு தோட்டப் புட்டியின் வரலாறு

குளவிப் பொறி என்பது இனிப்பான அல்லது புளித்த நீரால் குளவிகளைக் கவர்ந்து, உள்ளே நுழைந்தவை வெளியேற முடியாதபடி அடைத்துவிடும் எளிய கருவியாகும். குடித்து முடித்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை அறுத்தே இதைச் செய்துவிடலாம். மேலை நாட்டுத் தோட்ட நூல்களில் 350 ஆண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்றுவரும் இக்கருவியின் செய்முறை, இப்போது காணொளிகள் வழியே தமிழகத்துக்கும் வந்துவிட்டது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள காவாந்தண்டலம் போன்ற ஊர்களில் வீட்டுக் கொல்லையில் மா, கொய்யா, பப்பாளி, தென்னை நிற்கும். வேலியில் பாகலும் பீர்க்கும் படரும். இத்தகைய தோட்டத்தில் பொறியைத் தொங்கவிடும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதில் விழப்போவது பகையா, நட்பா? பொறியின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

பொறி செயல்படும் விதம்

பொறி வைத்துப் பிடிப்பது தமிழர்க்குப் புதிதன்று. தினைப்புனத்தை மேய வரும் விலங்குகளுக்கு 'அடார்' என்னும் கற்பொறி வைத்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. எலிப்பொறி இன்றும் வீடுகளில் உண்டு. பூச்சிப் பொறியின் தத்துவமும் அதுவே: உள்ளே வர ஆசை காட்ட வேண்டும், திரும்பும் வழி தெரியாதிருக்க வேண்டும்.

புட்டியின் மேல் மூன்றில் ஒரு பகுதியை அறுத்து, மூடியை நீக்கி, தலைகீழாக அடிப்பகுதிக்குள் செருகினால் அது ஒரு புனல் ஆகிறது. புனலின் அகன்ற வாய் வெளியே இருக்கிறது. குறுகிய வாய் உள்ளே நடுவில் தொங்குகிறது. வாசனையைத் தேடி வரும் பூச்சி சரிவில் இறங்கி உள்ளே போய்விடும். வெளியேறும்போது அது வந்த துளையைத் தேடுவதில்லை. வெளிச்சம் வரும் பக்கம் பறக்கிறது. ஒளி புகும் சுவரில் மீண்டும் மீண்டும் முட்டிக் களைத்து நீரில் விழுகிறது. நீரில் சிறிது சோப்பு கரைத்திருந்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை குறைந்து, பூச்சி மிதக்காமல் மூழ்கிவிடும்.

ஐரோப்பியத் தோட்டங்களில்

ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் 1664இல் வெளியிட்ட 'காலெண்டாரியம் ஹார்ட்டென்ஸ்' என்னும் தோட்டக்காரர் நாட்காட்டியில், தேன் கலந்த பீரைப் புட்டிகளில் ஊற்றிப் பழ மரங்களின் அருகே தொங்கவிடும் யோசனை இருக்கிறது. பிற்காலத்தில் இதற்கென்றே அடியில் துளையுள்ள கண்ணாடிக் குடுவைகள் செய்யப்பட்டன. பிளாஸ்டிக் புட்டி பரவிய பின் வீட்டிலேயே செய்வது வழக்கமாயிற்று.

ஐரோப்பாவில் இப்பொறி தேவைப்பட்டதற்கு அங்குள்ள குளவிகளின் வாழ்க்கை முறையே காரணம். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட வெஸ்புலா இனக் குளவிகள் அங்கே ஆண்டுக்கு ஒரு குடியிருப்பு அமைக்கும். வசந்தத்தில் தனி ராணி ஒன்று கூட்டைத் தொடங்கும். கோடை முடிவதற்குள் பல்லாயிரம் வேலைக்காரக் குளவிகள் பெருகிவிடும். அவை புழுக்களையும் ஈக்களையும் பிடித்துத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டும். பதிலுக்குக் குஞ்சுகள் சுரக்கும் இனிப்பு நீரைக் குடிக்கும். கோடை இறுதியில் குஞ்சுகள் குறைந்ததும் அந்த இனிப்பும் குறைகிறது. அப்போதுதான் வேலைக்காரக் குளவிகள் பழுத்த பழங்களையும் உணவு மேசைகளையும் மொய்க்கின்றன. பீரும் தேனும் கலந்த புட்டி அந்தச் சில வாரங்களுக்காகப் பிறந்த கருவி.

இக்குளவிகள் வந்தேறிய நாடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. 1945இல் ஐரோப்பாவிலிருந்து வந்த விமான உதிரிபாகப் பெட்டிகளில் ஒளிந்து நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரருகே இறங்கிய ஜெர்மன் குளவி, அந்நாட்டுக் காடுகளில் பறவைகளுக்கு உரிய இனிப்பு உணவைக்கூடப் பறித்துக்கொள்ளும் அளவுக்குப் பெருகியது. அங்கே குளவியை அழிப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் வெஸ்புலா குளவிகள் தமிழகச் சமவெளியில் இல்லை. அவற்றுக்காகச் செய்த பொறி இங்கே வேறு எவற்றையோ பிடிக்கும்.

தமிழகத்துக் குளவிகள்

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் தென்படுவது தனியாக வாழும் மண்குளவி. சன்னல் மூலையிலும் சாவித் துளையிலும் படத்தின் பின்புறமும் ஈர மண்ணால் கூடு கட்டும். குளவி வீட்டில் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையால் பலர் அதைக் கலைப்பதில்லை.

குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்பது பழைய கருத்து. குரு சீடனைத் தன்னிலைக்கு உயர்த்துவதற்கு உவமையாகச் சமய நூல்கள் இதைக் கையாண்டன. உவமையைச் சொன்னவர்கள் கண்டது உண்மையே: கூட்டுக்குள் போனது புழு, வெளியே வந்தது குளவி. இடையில் நடப்பதுதான் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு நாட்டுப் பள்ளி ஆசிரியரும் பூச்சியியலாளருமான ழான் ஆன்றி ஃபாப்ர், வேட்டைக் குளவிகளைப் பற்றிய தம் ஆய்வை 1855இல் வெளியிட்டார். குளவியின் கொடுக்கு இரையைக் கொல்வதில்லை. அசையாமல் மட்டும் செய்கிறது. உயிரோடு கெடாமல் கிடக்கும் அந்த இரையின்மீது குளவி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு இரையைத் தின்று வளர்ந்து குளவியாக வெளிவருகிறது.

குளவி வகைக்கு ஏற்ப இரையும் மாறும். சில சிலந்திகளைப் பிடிக்கும், சில இலைப்புழுக்களை, பச்சை நிறத்தில் மின்னும் ஒருவகை, கரப்பான் பூச்சியை. கூட்டமாக வாழும் காகிதக் கூட்டுக் குளவிகளும் புழுக்களைக் கடித்து உருண்டையாக்கிக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். கத்தரிச் செடியருகே சுற்றும் குளவி பெரும்பாலும் புழு தேடியே வந்திருக்கும்.

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பது பழமொழி. அந்தச் 'சொத்தை'க்குள்ளும் குளவி உண்டு. அத்தி, ஆல், அரசு ஆகிய மரங்களின் பூக்கள் காய் போன்ற உறைக்குள் மறைந்திருக்கின்றன. கடுகைவிடச் சிறிய அத்திக் குளவிகள் உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் அவற்றில் விதை பிடிக்கும். கோயில் மதிலில் முளைக்கும் அரசங்கன்றுக்கும் ஒரு குளவியே காரணம்.

பூசாவில் கிடைத்த வாசனை

அப்படியானால் தமிழகப் பழத்தோட்டத்தின் உண்மையான பகை எது? மாம்பழத்தை அறுத்தால் நெளியும் வெள்ளைப் புழுவின் தாயான பழ ஈதான் முதன்மையானது. முதிர்ந்த காயின் தோலைத் துளைத்து அது உள்ளே முட்டையிடுகிறது. புழு சதைக்குள்ளேயே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. பழம் அழுகி உதிர்ந்ததும் புழு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது.

இந்த ஈயைப் புட்டிக்குள் வரவழைக்கும் வழி இந்தியாவில்தான் தெரியவந்தது. பீகாரின் பூசாவில் அப்போது இயங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஃப். எம். ஹௌலட் என்ற பூச்சியியலாளர் பணியாற்றினார். கொசுவை விரட்டக் கைக்குட்டையில் தடவும் சிட்ரோனெல்லா எண்ணெயை நாடிப் பழ ஈக்கள் மொய்ப்பது அவர் கவனத்துக்கு வந்தது. வந்தவை அனைத்தும் ஆண் ஈக்கள். இதை 1912இல் அவர் வெளியிட்டார். எண்ணெயிலுள்ள எந்தப் பொருள் ஈக்களை ஈர்க்கிறது என்று தொடர்ந்து தேடி, அது மெத்தில் யூஜினால் என்று 1915இல் அறிவித்தார். 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தில் சேதமடைந்த அந்நிலையம் பின்னர் டெல்லிக்கு மாற்றப்பட்டது. டெல்லியில் அது இருக்கும் இடமும் பூசா என்றே அழைக்கப்படுகிறது.

இதன் முழுப் பயன் பின்னரே தெரிந்தது. ஹவாய்த் தீவுகளில் ஆய்வு செய்த எல். எஃப். ஸ்டெய்னர், மெத்தில் யூஜினாலைக் கொண்டு பழ ஈயைக் கட்டுப்படுத்தும் முறையை 1950களில் வளர்த்தார். மலிவான பிளாஸ்டிக் பொறி ஒன்றை 1957இல் அறிமுகப்படுத்தினார். ஆண் ஈக்களை எல்லாம் பிடித்துவிட்டால் பெண் ஈக்கள் இணை சேர முடியாது. இனம் அற்றுப்போகும் என்பது கணக்கு. பசிபிக் கடலிலுள்ள ரோட்டா தீவில் இம்முறையால் கிழக்கத்தியப் பழ ஈ முற்றாக ஒழிக்கப்பட்டதை ஸ்டெய்னர் குழுவினர் 1965இல் வெளியிட்டனர்.

கவரும் பொருள் ஓர் இனத்துக்கே உரியதாக இருந்தால் பொறி மற்றவற்றைத் தொடாது. தேனும் பீரும் பசித்த எல்லாவற்றையும் அழைக்கின்றன. மெத்தில் யூஜினால் ஒருசில பழ ஈ இனங்களின் ஆண்களை மட்டுமே பெருமளவில் அழைக்கிறது. பூச்சிப் பொறியின் வரலாற்றில் பெரிய முன்னேற்றம் இதுவே.

தமிழகத்துக்கு வந்த புட்டி

தமிழகத்தில் பூச்சியியல் கல்வி சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளியின் வழியில் வளர்ந்தது. அப்பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃப்ளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலை 1914இலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயர் பயிர்ப் பூச்சியியல் கையேட்டை 1940இலும் வெளியிட்டனர். எது தீமை செய்வது, எது நன்மை செய்வது என்று பெயர் சொல்லிப் பிரிக்கும் பழக்கத்தை இத்தகைய நூல்கள் வளர்த்தன.

இன்று மாந்தோப்புகளில் தொங்கும் புட்டிகளில் பெரும்பாலானவை மெத்தில் யூஜினால் நனைத்த மரத்துண்டு கொண்டவை. ஏக்கருக்குச் சுமார் பத்துப் பொறிகள் வைக்கப் பரிந்துரை உண்டு. பாகல், பீர்க்கு, புடலையைத் தாக்கும் ஈ வேறு இனம். அதற்குக் கியூ-லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் தேவை. கேரளத்தில் தேங்காய்ச் சிரட்டையில் கசக்கிய துளசி இலை வைத்துப் பழ ஈயைப் பிடிப்பர். துளசியிலும் மெத்தில் யூஜினால் இருப்பதால் அந்தச் சிரட்டையும் வேலை செய்கிறது. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு, ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்து மண்பானையில் வைப்பது தமிழகத்தில் அறிந்த முறை.

இவை சிறிய விஷயங்கள் அல்ல. பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் சரக்கில் காணப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் முதல் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. மாம்பழத்துக்கான தடை 2015இல்தான் நீங்கியது.

பப்பாளியைக் காத்த குளவி

தமிழகத்தில் குளவியின் மதிப்பைக் கண்கூடாகக் காட்டியது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி என்று பரவியது. மரங்கள் பஞ்சு போர்த்தியதுபோல் வெளுத்துக் காய்ந்தன. பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் பொடி மருந்தைத் தடுத்தது; தெளித்த மருந்தோ மாவுப்பூச்சியைத் தின்னும் பிற பூச்சிகளைக் கொன்றது. மல்பெரி இலையை நம்பிய பட்டுப்புழு வளர்ப்போரும் பாதிக்கப்பட்டனர்.

தீர்வு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. பெங்களூரிலிருந்த தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் 2010இல் மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் சிறந்து விளங்கியது அசிரோபேகஸ் பப்பாயே. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதரைக் கொட்டுவதும் இல்லை. இது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இக்குளவிகளைப் பெருக்கி உழவர்களிடம் கொடுத்தன. அடுத்த சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

இதே வழியில் மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக அனகைரஸ் லோபெசி என்ற குளவி, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் 2022 மார்ச்சில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் இதே குளவியால் மரவள்ளியைக் காத்த திட்டத்துக்குத் தலைமை ஏற்ற ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பிரான்சு தந்த பாடம்

வீட்டுக் குளவிப் பொறியைப் பற்றிய அண்மைக்கால எச்சரிக்கை பிரான்சிலிருந்து வருகிறது. 2004இல் ஆசியக் கதண்டு ஒன்று அங்கே காணப்பட்டது. சீனாவிலிருந்து வந்த மட்பாண்டச் சரக்கோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. தேனீக்களை வேட்டையாடும் அதன் ராணிகளைப் பிடிக்க, தேனீ வளர்ப்போரும் வீட்டினரும் வசந்தந்தோறும் பீர், ஒயின், பழச்சாறு ஊற்றிய புட்டிகளைத் தொங்கவிட்டனர். நோக்கம் நல்லதே. ஆனால் புட்டிகளில் கதண்டைவிடப் பல மடங்கு பிற பூச்சிகளே விழுந்தன. பாரிசின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியக அறிவியலாளர்கள் இத்தகைய பொறிகளைப் பரவலாக வைக்க வேண்டாம் என்று எச்சரித்தனர்.

நன்னூல் கடை மாணாக்கரை நெய்யரிக்கு, அதாவது பன்னாடைக்கு ஒப்பிடுகிறது. பன்னாடை நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும். மாணவருக்கு அது குறை. பொறிக்கு அதுவே இலக்கணம். கசடை மட்டும் பிடித்து நல்லதை விட்டுவிடும் பொறியே நல்ல பொறி. சர்க்கரைப் பாகு ஊற்றிய புட்டி இதற்கு நேர்மாறு. தமிழகத் தோட்டத்தில் அதில் விழக்கூடியவை தேனீ, கொசுத்தேனீ, வண்ணத்துப்பூச்சி, புழு தின்னும் குளவி. மாவுப்பூச்சியோ இலைப்புழுவோ அதில் விழாது.

கதண்டுக் கூடு

குளவியால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. கதண்டு, கடந்தை என்று வழங்கும் பெரிய குளவிகள் மரக்கிளை, பனை, பாழடைந்த கட்டடம் ஆகியவற்றில் பெரிய கூடு கட்டும். கூடு அசைந்தால் கூட்டமாக வந்து கொட்டும். நூறு நாள் வேலையில் புதர் வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் கொட்டுப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. தேனீ வளர்ப்போருக்கும் இவை தொல்லை.

இதற்கும் புட்டிப் பொறி மருந்தாகாது. பொறியில் சில குளவிகள் விழுந்தாலும் கூட்டில் நூற்றுக்கணக்கானவை இருக்கும். கல்லெறிவதும் பகலில் தீப்பந்தம் கட்டி எரிப்பதும் கூட்டத்தைக் கிளப்பிவிடும். மக்கள் நடமாடும் இடத்தில் கூடு இருந்தால் தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்குத் தெரிவிப்பதே முறை. பலமுறை கொட்டுப்பட்டவரையும், மூச்சுத் திணறல், முக வீக்கம், மயக்கம் கண்டவரையும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

காவாந்தண்டலத்துக் கொல்லையில்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அம்முறையில் தேர்ந்த வாரியங்களில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் ஒன்று. யார் தகுதி உடையவர், யார் அல்லர் என்று அக்கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. தோட்டத்தைக் காக்க ஆள் தேர்வதில் அத்தனை கவனம் காட்டிய வட்டாரம் இது. பொறிக்குள் விழ வேண்டியதைத் தேர்வதிலும் அதே கவனம் வேண்டும்.

காவாந்தண்டலத்தில் ஒரு வீட்டார் புட்டிப் பொறி செய்ய விரும்பினால், பழ ஈக்காகச் செய்வதே பயன் தரும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் பக்கவாட்டில் மேற்பாதியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் மூன்று அல்லது நான்கு துளைகள் இட வேண்டும். மூடியில் சிறு துளையிட்டு, அதன் வழியே கம்பியில் கவர்ச்சித் துண்டைத் தொங்கவிட வேண்டும். மாவுக்கும் கொய்யாவுக்கும் மெத்தில் யூஜினால் துண்டு, பாகல் பந்தலுக்குக் கியூ-லூர் துண்டு. இரண்டும் வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கும். அடியில் இரு விரற்கடை சோப்பு நீர் போதும். வீட்டுத் தோட்டத்துக்கு நஞ்சு வேண்டியதில்லை. நிழலான தாழ்ந்த கிளையில், குழந்தைகளுக்கு எட்டாமல் கட்ட வேண்டும். காய் முற்றும் முன்பே பொறியை வைப்பது நல்லது. நீரை வாரம் ஒருமுறை மாற்றி, துண்டின் வீரியம் தீரும்போது புதியது போட வேண்டும்.

பொறி ஆண் ஈயை மட்டுமே பிடிப்பதால் அது ஒன்றே போதாது. உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழியில் புதைக்க வேண்டும். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கும் கோழிக்கும் இரையாகும். இவை செலவில்லாத வேலைகள்.

வாரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றும்போது விழுந்த பூச்சிகளை ஒரு தாளில் கொட்டி எண்ணிப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. பழ ஈ எத்தனை, தேனீ எத்தனை, குளவி எத்தனை என்று தேதியோடு குறித்துவந்தால், எந்த வாரத்தில் ஈ பெருகுகிறது என்பது தெரியும். தேனீயோ குளவியோ கூடுதலாக விழுந்திருந்தால் புட்டியைக் கழற்றி, கவர்ச்சிப் பொருளை மாற்றிவிட்டு மீண்டும் கட்டலாம்.